சத்தம் போடாத சப்ளை

மகன் இறந்து ஒன்பது மாதமாகியும், மாலை ஆறு மணியானால் அவன் கம்ப்யூட்டரை அம்மா போட்டுவிடுவாள். போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். வேலை முடிந்து வந்து அவன் அதன்முன் உட்காரும் நேரம் அது. அந்த ஒரு மணி நேரம்தான் அவள் காய் நறுக்குவாள், கணவரிடம் நாலு வார்த்தை பேசுவாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெட்டி நின்றுவிடக் கூடாதே என்று அவர் வேண்டாத தெய்வமில்லை.

போன வாரம் அது தானாகவே அணைய ஆரம்பித்தது. அவர் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"பவர் சப்ளை சாகக் கிடக்குது சார். அதுக்குள்ள இருக்கிற ஃபேன் என்னமா கத்துது பாருங்க," என்றார் கடைக்காரர். "இது கம்பெனிப் பெட்டி. இவங்க சப்ளை அளவே தனி, வெளியில வாங்குறது உள்ள உக்காராது. ப்ளக்கும் வேற. வெளிக்கூட்டையே மாத்தி, நடுவுல ஒரு கன்வெர்ட்டர் ஒயர் போடணும்."

"எதை வேணா மாத்துங்க. சத்தமே போடாத சப்ளையா பாத்துப் போடுங்க."

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷர். எது இரைந்தாலும் அவருக்குக் கோளாறுதான். பழைய சப்ளை வேண்டுமா என்று கேட்டதற்கு, அந்தச் சனியன் எதற்கு என்றுவிட்டு வந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவரே போட்டார். மகன் வைத்திருந்த படம் திரையில் பளிச்சென்று வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "இன்னும் போடலையா?"

"போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்க்கவில்லை, பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"பாத்தியா, இருக்கிற இடமே தெரியல," என்றார் பெருமையாக.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கதவைச் சாத்திக்கிட்டுத்தான் உக்காருவான். அந்தச் சத்தத்த வச்சுத்தாங்க அவன் உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியும்."

அவர் செருப்புகூட மாட்டாமல் கடைக்கு ஓடினார். பழைய சப்ளை காலையிலேயே இரும்புக்கடைக்குப் போய் உடைபட்டிருந்தது.

திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

"கிடைக்கலம்மா," என்றார்.

"விடுங்க. அவன் போயிட்டான்," என்றாள், ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக.

அவள் வாயால் அதைக் கேட்க அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.