ஒற்றை ஸ்டாருக்குள் சிக்காத லாட்ஜுகள்

தில்லை நகர் ஆபீசில் மணி பத்து நாற்பது. பதினோரு மணிக்கு சம்ரீனின் மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போகப்போகிறது!

லாட்ஜ் அறைகளை ஆன்லைனில் பதிவு செய்யும் புதிய புரோகிராம் அவளுடையது. நேற்றுக் காலைதான் ஓட ஆரம்பித்தது. அப்போதிருந்தே ஸ்ரீரங்கத்து லாட்ஜுகளில் ஒரு அறைகூடப் பதிவாகவில்லை. மேனேஜர் ரெஜிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். "பதினொண்ணுக்குள்ள காரணம் தெரியலைன்னா பழைய புரோகிராமையே போட்டுடுவேம்மா."

எந்த லாட்ஜில் கோளாறு நடந்தாலும் நடந்ததைப் பதியும் அதன் லாக் கோப்பில் ஒரு வரி விழும். அந்தக் கோப்புகளைப் படித்து, கோளாறு என்றால் சிவப்பு காட்ட ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. அதுவோ திரை முழுக்கப் பச்சை காட்டியது. மணப்பாறை பச்சை. தில்லை நகர் பச்சை. ஸ்ரீரங்கம்?

சம்ரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பெயரே இல்லை!

"முருகானந்தம் அண்ணே, ஸ்ரீரங்கம் ஃபோல்டரெல்லாம் எங்க?"

சர்வரைக் கவனிக்கும் முருகானந்தம் ஸ்ரீரங்கத்துக்காரர். "நேத்து உன் புரோகிராமுக்காக சர்வரை நிறுத்தினப்ப அழகா அடுக்கி வச்சேன். உத்திர வீதி லாட்ஜெல்லாம் ஒரு ஃபோல்டர், சித்திரை வீதி லாட்ஜெல்லாம் ஒண்ணு. எங்க ஊர்ல வீதி சொல்லாம விலாசம் சொல்ல மாட்டோம்மா."

"ஐயோ அண்ணே!"

கண்காணிப்புக்குக் கொடுத்திருந்த பாதை: லாக்ஸ், ஸ்டார், புக்கிங் டாட் லாக். ஸ்டார் என்ற நட்சத்திரக் குறி இருக்கும் இடத்தில் எந்த லாட்ஜின் ஃபோல்டர் பெயரும் வரலாம். ஆனால் ஒரு ஃபோல்டர் ஆழம்தான். வீதிக்குள் லாட்ஜ் என்றால் அது இறங்காது.

இரண்டு ஸ்டார் போட்டால் எத்தனை ஆழமும் போகும். அவசரத்தில் லாக்ஸ், இரட்டை ஸ்டார், அவ்வளவுதான் என்று தட்டிவிட்டாள். மூன்று வருடத்துப் பழைய கோப்புகளெல்லாம் வந்து குவிய, திரை உறைந்தது.

"கிழிஞ்சுது போ" என்றார் முருகானந்தம்.

"நீங்க பேசவே பேசாதீங்கண்ணே!"

நிறுத்தினாள். இரட்டை ஸ்டாருக்குப் பின்னால் புக்கிங் டாட் லாக்கையும் சேர்த்தாள். பெயரில் தேதி போட்ட பழைய கோப்புகள் விலகிக்கொண்டன. மணி பத்து ஐம்பத்திரண்டு.

திரை செக்கச் செவேலென்று ஆனது! இருபத்திரண்டு லாட்ஜ், எல்லாவற்றிலும் ஒரே வரி: 'அறைப் பட்டியல் கிடைக்கவில்லை'.

"அறைப் பட்டியலையும் வீதிக்குள்ள நகர்த்திட்டீங்களா?"

முருகானந்தம் நாக்கைக் கடித்தார். "லாக் எழுதற இடத்தை மாத்தினேன், பட்டியலோட புது இடத்தை செட்டிங்ஸ்ல மாத்த மறந்துட்டேன்."

ரெஜிஸ் பின்னால் வந்து நின்றிருந்தார். "பழைய புரோகிராமைப் போட்டாலும் இதேதான் சார் ஆகும்" என்றபடியே சம்ரீன் புது இடத்தை எழுதினாள். ஒரு நிமிடம். சித்திரை வீதியில் ஒரு பச்சை. உத்திர வீதியில் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை!

ரெஜிஸின் போன் அடித்தது. சித்திரை வீதி லாட்ஜ்காரர். "என்ன சார் பண்ணீங்க? தடதடன்னு புக்கிங் வருது, ரூம் தீர்ந்து போச்சு!"

ரெஜிஸ் சம்ரீனைப் பார்த்தார். "இதுக்கும் உன் புரோகிராம்தான் காரணமா?"

"இதுக்கு மட்டும்தான் சார்!"