சூடம் மணக்கும் தந்தம்

எதிர்வீட்டுக்காரருக்கு மாமனார் கொடுத்த பழைய சவரக்கத்தி என்றால் உயிர். “கைப்பிடி அசல் யானைத் தந்தம். இல்லேன்னா என் மீசையை எடுத்துடறேன்!” என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

நேற்று அவர் மச்சான் வந்தான். கைப்பிடியைச் சூடேறத் தேய்த்து அவர் மூக்கடியில் நீட்டினான்.

“என்ன அத்தான், இந்த யானை சூடமா தின்னுச்சு?”

அந்தக் காலத்துப் போலித் தந்தத்தில் சூடம் கலந்திருப்பார்களாம்.

“உங்கக்கா பீரோவுல சூடம் போட்டிருப்பா!”

“நானா? போட்டதே இல்லையே,” என்றாள் மனைவி. அப்பாவின் பெருமையைவிட மீசை குத்தும் தொல்லை பெரிது போலும்.

அதே கத்தியால் மீசை போனது. சர்க்கரை கேட்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். ஆள் பத்து வயது குறைந்திருந்தார்.

“பிடி எப்படியோ, எங்கப்பா குடுத்த கத்தி அசல்தான்,” என்று அவள் அவர் கன்னத்தைத் தடவினாள்.