கழுத்து வளைந்த கித்தார்

கருணாகரன் பன்னிரண்டு வருடங்களாக சேதுராமனின் வாத்தியக் குழுவில் பேஸ் வாசித்து வந்தார். அது பெரிய வயலின்போல ஆளுயரத்துக்கு நிற்கும் பழைய மர பேஸ். கல்யாண வீடுகளுக்குப் போகும்போது அதைப் பாயில் சுற்றி டாக்சியின் கூரைமேல் கட்டுவார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் கண்ணாடியை ஏற்றுவார்கள். அவர் மட்டும் இறங்கிப் போய் அதன்மேல் ரெட்டுத் துணி விரித்துவிட்டு நனைந்துபோய் ஏறுவார். பகலில் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. வயது நாற்பத்து மூன்று.

மலேசியா உருவாகி ஒன்பது மாதம் ஆகியிருந்த 1964 ஜூனில், ஒரு வெள்ளிக்கிழமை, சேதுராமன் கடைக்கே வந்தார்.

"கருணா, ஞாயித்துக்கிழமை காலையில ஃப்ரீயா இரு. காஜா பெராங்ல ஒருத்தர் பேஸ் கித்தார் விக்கிறாராம். கரண்டுல வாசிக்கிறது. பழசுதான், ஆனா அமெரிக்கா சாமான். நீ வந்து வாசிச்சுப் பாத்து சொல்லணும்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருணாகரனும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? குழுவில் பேஸ் வாசிப்பது அவர் ஒருவர்தான். இப்போதெல்லாம் மேடைக்கு முன்னால் நிற்கிற கூட்டம் மின்சாரக் கித்தாரைத்தான் கேட்கிறது. ஒருநாள் இது வரும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் மனைவி கமலவேணியிடம் சொன்னார்.

"அப்போ அந்த டாக்சிக் கூத்து முடிஞ்சுதா?" என்றாள் அவள். "நல்லதாப் போச்சு. உங்களுக்கும் இடுப்பு வலி தீரும்."

இரண்டு நாளும் துணி மடிக்கும்போதெல்லாம் அவருடைய இடதுகை விரல்கள் அளவுகோலின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை மாலை நகம் வெட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேதுராமனின் காடியில் போனார்கள். காஜா பெராங்கில் பலகை வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சந்தின் முனையில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் சேதுராமன் பேச்சை எடுத்தார்.

"இது பொன்னுதுரைக்கு, கருணா."

பொன்னுதுரை சேதுராமனின் மச்சினன். வயது இருபத்திரண்டு. குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கித்தார் வாசிப்பான்.

"அவன் பேஸுக்கு மாறிக்கிறான். கித்தாருக்கு வேற பையன் வரான். ஜனங்களுக்கு இப்போ இளசாத்தான் வேணும், என்ன செய்றது? டைட் பேண்ட் போட்டு ஆடணுங்கிறாங்க. நீ மனசுல வச்சுக்காத. கோயில் கச்சேரி ஏதாச்சும் வந்தா உன்னைக் கூப்பிடாம இருப்பேனா?"

கருணாகரன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனையே கூட்டிட்டு வந்திருக்கலாமே, அண்ணே."

"அவனுக்கு என்னலா தெரியும்? பளபளன்னு இருந்தா வாங்கிருவான். உன் காது யாருக்கு இருக்கு?"

அப்போதே இறங்கி நடந்து போயிருக்கலாம். பிற்பாடு அவரே பல தடவை அப்படி நினைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கித்தாரைத் தொட்டுப் பார்க்கும் ஆசை அவரை விடவில்லை. சேதுராமனின் பின்னால் நடந்தார்.

விற்கிறவர் பெயர் நல்லையா. முப்பது வயதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். சிங்கப்பூரில் ஒரு நடன விடுதியில் ஐந்து வருடம் பேஸ் வாசித்தவர். கப்பல்காரன் ஒருவனிடம் அந்தக் கித்தாரை வாங்கியிருந்தார். போன வருடம் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். போட்ட ஊசி உயிரைக் காப்பாற்றியது. ஆனால் காதுகளை எடுத்துக்கொண்டது. வலது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். வாயை அதன் அருகில் வைத்துக் கத்தினால்தான் ஏறும். மனைவி சீதா அப்படித்தான் அவரிடம் பேசினாள்.

"முந்நூறு வெள்ளி. சத்தம் வர்ற பெட்டியோட சேர்த்து," என்றாள் சீதா. "கிளேபாங்ல ஒரு சாப்பாட்டுக் கடை எடுத்து நடத்தலாம்னு இருக்கோம். இல்லேன்னா இவரு இதை விக்கமாட்டாரு."

நல்லையா உறையை அவிழ்த்து கித்தாரை எடுத்தார். உடலின் வண்ணம் முழங்கை படுகிற இடத்தில் தேய்ந்து மரம் தெரிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியின் விசையைத் தட்டிவிட்டு, பொறுங்கள் என்று கையைக் காட்டினார். உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகள் சூடேற ஒரு நிமிடம் பிடித்தது.

கருணாகரன் கித்தாரை மடியில் வைத்தார். நின்றபடி அணைத்து வாசித்துப் பழகிய உடம்புக்கு முதலில் எல்லாமே தப்பாக இருந்தது. விரல்கள் இரண்டு தடவை இடம் தவறின. பிறகு தடித்த கம்பியை ஒருமுறை மெதுவாக இழுத்துவிட்டார். அந்தச் சுரம் பெட்டியிலிருந்து கிளம்பித் தரைப் பலகை வழியாக வந்து அவர் காலில் ஏறியது. மர பேஸில் அந்தச் சத்தத்துக்கு அவர் தோளையும் முழங்கையையும் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு விரல் போதுமாக இருந்தது.

கல்யாணப் பாட்டு ஒன்றை வாசித்தார். மலாய்க்காரர்கள் ஆடும் ஜோகெட் ஒன்றை வாசித்தார். பிறகு எந்தப் பாட்டும் இல்லாமல் மேலும் கீழும் போய் வந்தார். எந்தச் சுரமும் பிசிறவில்லை. ஒரு கண்ணை மூடிக் கித்தாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். குண்டூசி அளவுக்குக்கூட வளைவு இல்லை. நல்லையா தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. வாசிக்கிறவர் நல்ல கைக்காரர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சேதுராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்படி, கருணா? பொன்னுதுரைக்கு ஆகுமா?"

அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும்.

"கழுத்து வளைஞ்சிருக்கு, அண்ணே," என்றார். "அஞ்சாவது கட்டைக்கு மேல சுருதி நிக்கல. சத்தம் உள்ளுக்குள்ள பிளக்குது. வாங்காதீங்க."

நல்லையா அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியாமல் மனைவியிடம் திரும்பினார். சீதா அவர் காதில் குனிந்து அதைக் கத்தினாள்.

நல்லையாவின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"கைக்கு நல்லாத்தான் படுது," என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "ஆனா உங்களுக்குக் காது இருக்கு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வாங்காமல் திரும்பினார்கள். வண்டியில் வரும்போது கருணாகரனுக்குப் பழிதீர்த்த சந்தோஷம் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது வேறொரு யோசனையாக மாறிவிட்டது. அந்தக் கித்தாரை நாமே வாங்கினால் என்ன? வேறு குழு இல்லையா இந்த ஊரில்? மூவாரிலும் சிரம்பானிலும் எத்தனையோ பேர் பேஸுக்கு ஆள் தேடுகிறார்கள்.

கமலவேணியிடம் பணம் கேட்டார். சேதுராமன் தன்னைக் கழற்றிவிட்டதைச் சொன்னார். பொய்யை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பணம் தபால் நிலையத்தில் பல வருடமாகச் சேர்த்து வைத்தது. அவள் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வந்து கணக்கைப் பார்த்தாள்.

"வாங்குங்க. அந்த ஆள் முன்னாலயே வாசிச்சுக் காட்டுங்க," என்றாள் கடைசியில்.

பணத்தை எடுத்துக்கொண்டு புதன்கிழமை மதியம் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு காஜா பெராங்குக்குப் போனார். சீதாதான் கதவைத் திறந்தாள். பெட்டி இருந்த மூலை காலியாக இருந்தது.

"நேத்தே உங்க சிநேகிதர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே, அண்ணே. கூட ஒரு பையன், தானே பாக்கணும்னு வந்தாரு. வாசிச்சுப் பாத்துட்டு வேணும்னு ஒரே பிடியா நின்னாரு. உங்க சிநேகிதர், நீங்க வளைஞ்சதுன்னு சொல்லிட்டீங்களே, எப்படி முந்நூறு குடுக்கிறதுன்னு கேட்டாரு. நூத்தி எண்பது குடுத்தாரு. நான் விடமாட்டேன்னுதான் சொன்னேன். இவருதான், கெட்ட சாமானை நல்ல விலைக்கு வித்தேன்னு பேரு வேணாம்னு குடுத்துட்டாரு."

நல்லையா உள்ளேயிருந்து வந்தார். கருணாகரனைக் கண்டதும் அடையாளம் தெரிந்து கை குவித்தார்.

"வாங்க, அண்ணே. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு," என்றார் அதே உரத்த குரலில். "அஞ்சு வருஷம் அதுல வாசிச்சிருக்கேன். வளைஞ்சிருக்குன்னு ஒரு நாளும் தெரியலியே! காது இருக்கும்போதே எனக்குக் காது இல்ல போலிருக்கு. அப்புறம் என்ன வாசிச்சேன் நான்?"

சிரிப்பதுபோலத்தான் சொன்னார். சீதா வேறு பக்கம் பார்த்தாள்.

"மூணு நாளா இதையேதான் சொல்லிட்டு இருக்காரு," என்றாள் மெதுவாக. "ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு."

கருணாகரன் அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி," என்றார். "கழுத்து வளையல. நான் சொன்னது பொய்."

அவள் அவரை நம்பாமல் பார்த்தாள். பிறகு நம்பினாள். கோபத்தில் அவள் குரல் உயரவில்லை; இன்னும் தாழ்ந்தது.

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவருகிட்ட சொல்லுங்க. வலது காது."

கருணாகரன் நல்லையாவின் அருகில் போய்க் குனிந்து சொன்னார். நல்லையா தலையை ஆட்டி, கேட்கவில்லை என்று கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "என்ன பொய்?" என்றார் நல்லையா.

"கத்துங்க," என்றாள் சீதா. "தினமும் நான் கத்தல?"

அவர் கத்தினார். "நான் பொய் சொன்னேன்! கித்தார் நல்லாத்தான் இருந்துச்சு! வளைவு இல்ல!" பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை வந்தது.

நல்லையா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சா?"

"அதுமாதிரி ஒண்ணை நான் தொட்டதே இல்ல!"

"அப்புறம் ஏன்?"

அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைத் தெருவே கேட்கும்படி கத்த அவரால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, குறைந்துபோன நூற்றிருபது வெள்ளியை நீட்டினார்.

நல்லையா அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம். போங்க."

"குடுங்க," என்று சீதா அதை வாங்கிக்கொண்டாள். "அது எங்க காசு." கதவைச் சாத்தினாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு கல்யாணத்தில் பொன்னுதுரை அந்தக் கித்தாரை வாசித்தான். மண்டபமே அதிர்ந்ததாகச் சொன்னார்கள். கருணாகரன் போகவில்லை. ஆனால் கதை அவரிடம் வந்து சேர்ந்தது. சேதுராமன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், கருணாவுக்குக் காது போயிடுச்சு. முத்து மாதிரி சாமானை வளைஞ்சதுங்கிறான். நல்லவேளை, ஆளை மாத்தினேன்." வேண்டுமென்றே பழி சொல்லவில்லை; அப்படித்தான் நம்பினார்.

மூவாருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சிரம்பானிலிருந்து வந்தவர், வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். கமலவேணி ஒருநாள் மிச்சப் பணத்தைத் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தாள். குறைந்த பணம் எங்கே என்று கேட்டாள். அவர் சொன்னார். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரோடு மற்றப் பேச்சும் குறைந்துபோனது.

ஒருநாள் கோப்பிக்கடையில் டோலக் வாசிக்கும் மருதமுத்து எதிரே வந்து உட்கார்ந்தான். பழைய குழுக்காரன்; மரியாதை உள்ளவன்.

"அண்ணே, காது சரியில்லையாமே? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

கருணாகரன் கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லலாம். அப்படியானால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அடுத்து கேட்பான்.

"ஆமாப்பா," என்றார். "கொஞ்ச நாளாவே சரியில்ல."

"எந்தப் பக்கம்?"

"வலது," என்றார் கருணாகரன்.

மருதமுத்து பரிதாபத்தோடு நாற்காலியை அவருடைய இடது பக்கம் நகர்த்திப் போட்டு, குரலை உயர்த்திப் பேசத் தொடங்கினான்.