முப்பது சதவீதம்

எரிமலையின் இடுப்பில் விடுதி கட்டத் துணிந்தவர் வேறு எதற்கு மசிவார்? எதையும் பாதியாக்கித்தான் பேசுவார். காய்காரர் விலை சொன்னால் பாதி. டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால் ஐந்து நாள்.

அவர் தங்கைக்கு, மலை விடும் வாயுவை அளக்கும் நிலையத்தில் வேலை. அண்ணன் வைத்த பெயர் மூக்கு.

அன்று காலை மலையில் புகை அடியோடு நின்றுபோயிருந்தது. விருந்தினரையெல்லாம் இறக்கிவிட்ட நிலையத்துக்கு, வீட்டுக்காரரை இறக்க அதிகாரமில்லை. மூக்கு தானே வந்தாள்.

"அண்ணா, அண்ணியைக் கூட்டிக்கிட்டு இப்பவே இறங்கு."

"போன மாசம் புகை ஜாஸ்தின்னு பயமுறுத்தினே. இப்போ புகையே இல்லேன்னு பயமுறுத்தறே. பாவம், அந்த மலை எப்படித்தான் நடந்துக்கணும்?"

"வாய் அடைச்சுக்கிச்சு. உள்ளே பாறைக்குழம்பு ஏறிக்கிட்டேதான் இருக்கு. மூடின சோடா பாட்டிலைக் குலுக்கற மாதிரி."

"வெடிச்சே தீருமா?"

"இந்த வாரத்துக்குள்ள முப்பது சதவீதம்."

அண்ணன் கண்ணில் கடைத்தெருக் களை வந்துவிட்டது. "பதினஞ்சுன்னு வெச்சுக்கலாம். பதினஞ்சுக்கெல்லாம் வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போனா, கட்டில்கூட மிஞ்சாது."

அறுபது என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவளும் அதே பேரத்தைக் கேட்டு வளர்ந்தவள்தானே. படிப்பு விடவில்லை.

"முப்பதுதான் அண்ணா."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். உங்க அண்ணியை அழைச்சுக்கிட்டுப் போ. நான் இருக்கேன்."

மூன்றாம் நாள் மலை பிளந்தது. விடுதி இருந்த இடத்தில் சாம்பல் மேடு. சாம்பல் சில வாரங்களில் படிந்துவிட்டது. கந்தகம் மட்டும் மேகங்களுக்கும் மேலே போய் நுண்துளிகளாகி, பூமி முழுக்க வெயிலுக்குத் திரை போட்டது. அடுத்த ஆண்டு உலகமே அரை டிகிரி குளிர்ந்தது. புழுக்கமில்லாத கோடை என்று எங்கெங்கோ இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். மாநாட்டில் மூக்குக்குப் பொன்னாடை: ஒரு புள்ளிகூட மிகைப்படுத்தாத கணிப்பாம்.

வீடு திரும்பியபோது, வியர்க்க வேண்டிய மாதத்தில் அண்ணி கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"அவர் பாதியாக்குவார்னு உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும் அண்ணி."

"அறுபதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"முப்பதுதான் அண்ணி உண்மை."

அண்ணி அந்தப் பொன்னாடையைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு. நீயே வெச்சுக்கோ."