லோஷினியின் கடைசிப் பக்கம்

லோஷினி வாரத்தில் ஐந்து நாள் இருட்டோடு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். திரும்பி வருகையில் அவளுடைய நிழல் அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து படுத்துவிடும். என் மனைவி யோகேஸ்வரியின் தம்பி மகள். பாலத்துக்கு இந்தப் பக்கம் உலு திராமில் எங்களோடுதான் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் செய்வாள். எழுத்தே இல்லாத புத்தகம். கண்ணை மூடிக்கொண்டு புரட்ட வேண்டும். மழைக்கோட்டுப் பிளாஸ்டிக்கில் ஒரு பக்கம், தட்டையாக்கிய மைலோ டின்னில் ஒரு பக்கம், உப்புத்தாளில் ஒன்று. புரட்டினால் காலை நேரத்துப் பாலம் அப்படியே காதுக்குள் இரைச்சலோடு ஏறி வரும். கடைசிப் பக்கம் மட்டும் சத்தமே போடக்கூடாது.

"அது ஒண்ணுதான் மாமா எனக்கு. மத்ததெல்லாம் அங்க வந்து சேர்றதுக்குத்தான்."

ஒரு ஞாயிறு. கண்காட்சி நடத்தும் கமலநாதன் அன்று மாலை வேனில் வந்து புத்தகத்தை எடுத்துப்போவதாக ஏற்பாடு. மதியமாகியும் கடைசிப் பக்கம் அமையவில்லை. பஞ்சுத்துணி உரசியது, பட்டு முனகியது. கண் சிவந்து என்னைக் கூப்பிட்டாள்.

"எது சத்தம், எது இல்லன்னே தெரியல மாமா. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நான் காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கத்திலேயே நரைத்தவன். ஓய்வு பெற்றபோது ஒரு மாலையும், காதுக்குள் நாற்பதாயிரம் சிள்வண்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஆனாலும் ஒரு பிள்ளை நம்பிக் கேட்கும்போது முடியாது என்று சொல்ல மனசு வருமா? நீதிபதி மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

"இது?"

"ம்ஹூம்."

"இந்த அரிசித்தாள்?"

"சுடுகாடு தோத்துச்சு போ! இதுதான்."

சந்தோஷமாக ஒட்டினாள். பசை காய்ந்ததும் ஒருமுறை புரட்டினாள். சமையலறையிலிருந்து யோகேஸ்வரி குரல் கொடுத்தாள்.

"யாருடி அங்க அப்பளம் நொறுக்குறது?"

"மாமாதான் சத்தமே இல்லன்னாரு அத்தை" என்று லோஷினி என்னைப் பார்த்தாள்.

"பாய்லர் மனுஷன்கிட்டயா போய்க் கேட்ட? நான் கத்துறதே அவருக்குக் கேக்காதுலா!"

அது கேட்கும். அதை இப்போது சொல்வது நல்லதில்லை என்று தோன்றியது.

"அலமாக், போச்சே மாமா" என்றாள் லோஷினி. அவ்வளவுதான். திட்டவும் தெம்பில்லை. பிறகு அந்தத் தாளைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தாள். அது எனக்கே கேட்டது.

"கண்ண மூடிப் புரட்டுங்க."

புரட்டினேன். பிளாஸ்டிக், டின், உப்புத்தாள். அடுத்த பக்கத்தைத் தேடிய கை காற்றைத் துழாவியது. தாள் இல்லை. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் மூச்சுவிடக்கூட மறந்திருந்தேன்.

"இது அதைவிட நல்லாருக்கும்மா" என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் மேசைமேல் கன்னம் வைத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெயிலில் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். கமலநாதன் ஹார்ன் அடிக்கும் பழக்கமுள்ள ஆள்.