சோக் இல்லாத லாரி

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவந்த ஈர வேட்டியோடு ரத்தினவேல் வாசலில் நின்றபோது, தெருவில் லாரி சாவியின் ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. பின்னால் பாடையில் அப்பா. ஸ்டியரிங்கில் தங்கை கலைமதியின் புருஷன் உதயசூரியன்.

“நல்லவேளை, மாப்ளே என்ஜினை மாத்திப்புட்டீங்க,” என்றார் பெரியப்பா மகன் வெற்றிசெல்வன். “பழைய மாதிரின்னா வண்டிய கெளப்பவும் இவந்தான் வேணும், சட்டி தூக்கவும் இவந்தான் வேணும். பாடையோட வண்டிய யாரு தள்ளிக்கிட்டுப் போறது?”

ஓரிருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ரத்தினவேல் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டான்.

மிலிட்டரி ஏலத்தில் அப்பா எடுத்த பெட்ரோல் லாரி. அவருக்கே அது மசியாது, ரத்தினவேலுக்குத்தான் கிளம்பும். சோக்கைப் பாதி இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு சாவி. எவ்வளவு பொறுப்பது என்று யாருக்கும் அவனால் சொல்லத் தெரியாது. பனிக்கு ஒரு விதம், வெயிலுக்கு ஒரு விதம். அப்பா அவனிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் தினமும் காலையில் வாசலில் நின்று, “ரத்தினம்!” என்று கூப்பிடுவார்.

ஷார்ஜாவில் ஒர்க்‌ஷாப்பில் வேலைபார்க்கும் உதயசூரியன், லீவுக்கு வந்த இடத்தில் கார்ப்பரேட்டரைக் கழற்றினான். அந்த இடத்தில் சோக்கே தேவைப்படாத இன்ஜெக்டர், டேங்குக்குள் ஒரு பம்ப், டேஷ்போர்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. நெஞ்சுவலியோடு அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை தானே ஏறிச் சாவியைத் திருப்பினார். யாரையும் கூப்பிடவில்லை.

“இப்பத்தான் மாப்ளே இது வண்டி,” என்றார். கஞ்சி டம்ளரோடு நின்ற ரத்தினவேலின் காதில் அது விழுந்தது. சாயங்காலம் அவர் போய்விட்டார்.

“மச்சான், நீங்க முன்னால நடங்க. நான் பைய வாரேன்,” என்று உதயசூரியன் தலையை நீட்டிச் சொன்னான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைக்கூட ரத்தினவேலால் பார்க்க முடியவில்லை.

ஊர் தாண்டியதும் கண்மாய்க்கரை ஏற்றம். நடை வேகத்தில் ஏறினால் முன்பெல்லாம் என்ஜின் அங்கே இருமி, திணறி, நின்றுவிடும். வல்லத்திராக்கோட்டையில் எல்லோருக்கும் அது தெரியும். நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஏற்றம் தொடங்கியதும் ரத்தினவேல் நடையைக் குறைத்தான். தப்பு மேளச் சத்தத்தைத் தாண்டிக் காதைப் பின்னால் வைத்தான். என்ஜின் ஒரே சீராக ஓடியது. இன்னும் குறைத்தான்.

“என்னடா, சட்டி சுடுதா?” என்றார் வெற்றிசெல்வன்.

“இல்லண்ணே.”

“அப்ப நடடா. அங்கிட்டு வெட்டியான் காத்துக்கெடக்கான்.”

அவன் பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்தான். சட்டியின் புகை கண்ணில் ஏறியது. லாரி அவன் முதுகை ஒட்டி வந்து, நிற்காமல், முந்தாமல், அவன் அடிக்கு ஓர் அடியாக நகர்ந்தது. ரேடியேட்டரின் சூட்டில் அவன் ஈர வேட்டி காய ஆரம்பித்தது.