இரண்டாவது மருமகள்

லிஃப்ட் மெக்கானிக் அந்த நாவலைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் கதை மொத்தமும் தனக்கு அத்துப்படி என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெரிய பொய்யும் இல்லை. வேலையில் இரும்புத்தூள் தெறித்து, இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு மூன்று வாரம் வீட்டில் கிடந்தபோது, அவருடைய அக்கா தினமும் மதியம் பஸ் பிடித்து வந்து வாசித்துக் காட்டினாள். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வாள். ஐந்து மணிக்குள் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் அவசரமாகக் கிளம்பிவிடுவாள். கட்டுப் பிரித்த அன்று கடைசி நூறு பக்கம் மீதமிருந்தது.

"இனி உனக்குத்தான் கண்ணு வந்தாச்சே, நீயே படிச்சுக்கோ" என்று சிரித்தாள்.

அவர் படிக்கவில்லை. அடுத்த வருடமே அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

இப்போது அதே நாவல் அவர் மகளுக்குக் கல்லூரியில் பாடமாக வந்தது. மெக்கானிக்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஜன்னல்ல ஆணி அடிச்ச இடம் வந்துடுச்சா?"

"எந்த ஜன்னல்ப்பா?"

"அதான், ரெண்டாவது மருமக சமையல்கட்டுல. நாலு ஆணி. உலை கொதிக்கிறவரைக்கும் அதையே எண்ணிட்டு நிப்பாளே!"

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்படி யாருமே இல்லப்பா. ரெண்டாவது பையனுக்குக் கல்யாணமே ஆகல. கப்பல் ஏறிப் போயிடுறான்."

அரைகுறையாகப் படித்திருக்கிறாள் என்று நினைத்து, அந்த வாரக்கடைசியில் அவரே உட்கார்ந்தார். துறைமுகம், வியாபாரி, மூன்று மகன்கள், சொத்துச் சண்டை எல்லாம் அக்கா வாசித்தபடியே இருந்தன. அந்த மருமகள் மட்டும் இல்லை. மாடிப்படியில் ஏறும் காலடியை வைத்தே புருஷனின் கோபத்தை அளக்கிறவள், சாப்பிட உட்கார்ந்தால் கதவைப் பார்த்தபடியே உட்காருகிறவள், எங்குமே இல்லை. அறுநூறு பக்கமும் உப்பில்லாப் பண்டமாக இருந்தது. இதையா ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது?

சுருக்கப் பதிப்பாக இருக்கும் என்று பொது நூலகத்துக்குப் போனார். நூலகர் பழைய பிரதிகள் மூன்றை மேஜைமேல் அடுக்கினார்.

"முதல் பதிப்புலேர்ந்து ஒரு வரிகூட மாறல சார். என்ன தேடுறீங்க?"

"ஒரு பொம்பளையை."

"இந்தக் கதையில பொம்பளைங்களுக்கு வேலையே கிடையாதே" என்றார் நூலகர். "அதுதான் இதுல பெரிய குறைன்னு நிறைய பேர் சொல்வாங்க."

மெக்கானிக் வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அக்கா வீட்டுச் சமையலறை கண்முன் வந்தது. விபத்துக்குச் சில மாதம் முன்பு சுவிட்ச் மாற்றப் போயிருந்தார். அங்கே ஜன்னல் மூடி, நாலு மூலையிலும் ஆணி. "தூசி வருது" என்றார் அக்காவின் கணவர். இவரும் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எப்படி மறந்திருந்தாரோ தெரியவில்லை. கண் கட்டோடு படுத்திருந்த ஒரு மதியம் அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டிருந்தார்: "ஏன்க்கா அந்த ரெண்டாவது மருமக அங்கயே கெடந்து சாகுறா? கிளம்பி வர வேண்டியதுதானே?"

"எங்க வருவா?"

"கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"ஒரு தம்பி இருக்கான். ஆனா அவன் வீடு ரெண்டே ரூம். பொண்டாட்டி, கைக்குழந்தை வேற."

"என்னை மாதிரின்னு சொல்லு" என்று சிரித்துவிட்டு, "அப்ப கஷ்டம்தான். அனுசரிச்சுப் போக வேண்டியதுதான்" என்றார்.

பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. மறுநாளிலிருந்து கதையில் அந்த மருமகள் வரவே இல்லை. அதை அவர் அப்போது கவனிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது புத்தகத்துல இல்லைன்னு. அண்ணி அந்த இடமெல்லாம் சொல்றப்ப புத்தகத்தைப் பார்க்கவே மாட்டாங்க. உங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. நான் கதவுகிட்ட நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மனைவி மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். "நீங்க அனுசரிச்சுப் போகணும்னு சொன்னீங்க. எனக்கு அப்ப நிம்மதியா இருந்துச்சு. இடம் இல்லைன்னு நான் சொல்லவேண்டி வரல."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு நாள் காய்ச்சலோடு வீட்டிலேயே கிடந்து, ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்தது அக்காவின் கதை. கடைசி நூறு பக்கத்தில் அதுவும் இல்லை.

அதன்பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மகள் பரீட்சை எழுதி முடித்துப் புத்தகத்தை யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஆனால் மெக்கானிக் தினமும் காலையில் போய் இறங்குவது லிஃப்ட் ஏறி இறங்கும் ஆழமான கிணறுகளுக்குள். மோட்டாரை நிறுத்தினால் அங்கே வேறு சத்தம் கிடையாது. அந்த அமைதியில் மேலே எங்கிருந்தோ ஒரு பெண்குரல் நிதானமாக வாசிப்பது அவருக்குக் கேட்கும். ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: எங்க வருவா?

ஒருநாள் பதினோரு மாடிக் கட்டடத்தில், கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி உரக்கச் சொன்னார்: "இங்க வந்துடுக்கா."

மூன்றாம் மாடிக் கதவிடுக்கில் காவலாளி எட்டிப் பார்த்தார். "யாரை சார் கூப்பிடுறீங்க? உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். கயிறு ஆடி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.